நடுவில் கிடந்த எலும்பு

ஒரு மனிதரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக மனநல வைத்தியசாலையில் சேர்ப்பதா, விடுவதா என்று முடிவெடுக்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். அதே வேலையை லண்டனின் கிழக்குப் பக்கத்தில் தலை நரைக்கும்வரை செய்துவிட்டு இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். சட்டத்தை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். இரண்டு வைத்தியர்கள் பரிந்துரை எழுதினாலும் கடைசிக் கையெழுத்து நம்முடையது. நாம் போடாவிட்டால் வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் வெறுமனே திரும்பிப் போகும். போட்டுவிட்டால், அந்த மனிதர் தன் வாழ்க்கையில் எந்தக் கதவை எப்போது திறக்கலாம் என்பதைப் பிறர் தீர்மானிப்பார்கள். அந்த நேரத்தில் ஒருமுறையாவது தயங்காதவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பழக்கித் தந்த அதிகாரி ஒருவர் இருந்தார். கடுமையான மனுசி, சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்குள் போனால் ஆளைப் பார்க்குமுன் குசினியைப் பார் என்பார். அடுப்பு, தட்டு, குப்பைவாளி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கதிரையில் உட்கார விடுவார். எனக்கு அது சில நேரம் எரிச்சலாகவும் இருந்தது. கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ என்ற பகுதியில் ஒரு நாள் அந்தப் பழக்கம்தான் என் பேனாவை மூடி வைத்தது.

அது அகதிகளாக வந்த தனி ஆண்கள் நாலு பேர் இருந்த வீடு. ஆளுக்கு ஓர் அறை, குசினி பொது. அவர்களில் ஒருவரைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரைக் கட்லுவாக் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேறு. தென் சூடானில், நைல் ஆற்றின் சதுப்பு வெளிகளில் மாடு வளர்த்து வாழும் நூவர் என்ற மக்களைச் சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டிய, மிக உயர்ந்த மனிதர். ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம்வரை நெற்றியில் வரிவரியாகத் தழும்புகள். அவர்களுடைய ஊரில் ஒரு பையன் ஆண்மகன் ஆனதற்கு அடையாளமாகக் கத்தியால் கீறுவது அது.

சில வருடங்களாக ஒரு கரைச்சலும் இல்லாமல் அந்த வீட்டில் இருந்தவர், கொஞ்ச காலமாக அங்கே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தண்ணீரும் குடிப்பதில்லை. பூங்காவிலுள்ள குழாயில் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பதைப் பக்கத்து வீட்டார் கண்டிருக்கிறார்கள். இலவசமாகச் சாப்பாடு தரும் ஒரு தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதையும் விட்டுவிட்டார். கையில் கிடைக்கும் சில்லறைக்கு வாழைப்பழமும் பாணும் வாங்கித் தெருவில் நின்று சாப்பிட்டிருக்கிறார். கடைசியில் பஸ் தரிப்பிடத்தில் மயங்கி விழுந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: இந்த வீட்டில் சாப்பிட்டால் செத்துப்போவேன்.

இந்த வசனத்தைக் கேட்டதும் உங்கள் மனதில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் வந்தது. யாரோ நஞ்சு வைக்கிறார்கள் என்ற எண்ணம் பிடித்துவிட்டது, மருந்து தேவை. குடும்ப வைத்தியர் காலையிலேயே பார்த்துப் பரிந்துரை எழுதிவிட்டுப் போயிருந்தார். மனநல வைத்தியர் மட்டும் மிச்சம். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், என் மகன் வயது, கெட்டிக்காரர். மனதில் ஈரம் உள்ளவர்தான், ஆனால் அவசரக்காரர்.

நான் முதலில் குசினிக்குள் போனேன். சுவர் அலமாரியில் நாலு அடுக்குகள், ஆளுக்கு ஒன்று. இரண்டில் மாவும் எண்ணெயும் அரிசியும் நிறைந்திருந்தன. இரண்டு வெறுமையாக, தூசி பிடித்துக் கிடந்தன. ஒன்று கட்லுவாக்கினுடையது.

“மற்றது ஆற்ற?” என்று வீட்டுப் பொறுப்பாளரைக் கேட்டேன். நல்ல வெள்ளைக்காரப் பெண். அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது என் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

“அது பியெலின்ர. மேல் அறையில இருக்கிறார், இந்த வருசம்தான் வந்தவர். அவரும் அதே நாட்டுக்காரர்தான். அவர் சமைக்கிறதில்லை, சேர்ச்சில சாப்பிடுறவர்.”

அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன். அப்போது அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

முன்னறையில் கட்லுவாக் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கழுத்து எலும்புகள் சட்டைக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. மேசையில் தொலைபேசியை வைத்தோம். வேறு நகரத்திலிருந்து ஒரு நூவர் பெண் மொழிபெயர்த்தார், அவருடைய குரல் மட்டும்தான் எங்களுக்கு. வைத்தியர் கேட்கவேண்டியதெல்லாம் கேட்டார். யார் நஞ்சு வைக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. குரல் ஏதும் கேட்கிறதா? இல்லை. அப்படியானால் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. பிறகு ஏன் சாவீர்கள்?

கட்லுவாக் ஒரே ஒரு வசனம் சொன்னார். பிறகு அந்தப் பெண் சொன்னார்: “நடுவில எலும்பு கிடக்குது எண்டு சொல்லுறார்.”

வைத்தியர் எழுந்து போய், வாயைத் திறக்கச் சொல்லி, சின்ன டோர்ச் லைட்டை அடித்துத் தொண்டைக்குள் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை நினைக்க இன்றைக்கும் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

வைத்தியர் என்னை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் தனியே பேசினால் தமிழ்தான்.

“அக்கா, தொண்டையில ஒண்ணும் இல்ல. எலும்பு இருக்குன்னு நம்புறார். சாப்பிட்டா செத்துருவேன்னு நம்புறார். எடைய பாருங்க. இப்படியே விட்டா கிட்னி போயிடும். நான் எழுதுறேன்.”

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி. எலும்பு எண்டு அவர் என்னத்தைச் சொல்லுறார் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.”

“வெளியில ஆம்புலன்ஸ் நிக்குது அக்கா. எவ்வளவு நேரம்தான் அவங்கள நிறுத்தி வைக்கிறது?”

“நிக்கட்டும். அவைக்குச் சம்பளம் ஓடும்தானே.”

எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் வாயில் வரும். திரும்பிப் போய்த் தொலைபேசியைக் கையில் எடுத்து, ஒலியைக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டேன். உங்கள் பாஷையில் நடுவில் எலும்பு கிடக்கிறது என்றால் என்ன என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“அவர் சொன்னதைத்தான் நான் சொல்லலாம். விளக்கம் சொல்லுறது என்ர வேலை இல்லை. சொன்னால் வேலை போயிடும்.” பிறகு, “ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் நான் மொழிபெயர்ப்பன்” என்றார்.

“என்ன கேள்வி?”

“ஆருக்கும் ஆருக்கும் நடுவில எண்டு.”

எலும்பு எங்கே என்று டோர்ச் அடித்துத் தேடிய நாங்கள், நடுவில் என்ற சொல்லைக் கோட்டைவிட்டிருந்தோம். தொலைபேசியை மறுபடி மேசையில் வைத்து நான் கேட்டேன், அவர் மொழிபெயர்த்தார். கட்லுவாக் கண்ணை மாத்திரம் ஒருமுறை மேலே, கூரைப் பக்கம் உயர்த்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மேலே இருப்பது பியெலின் அறை. அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்த இரண்டாவது அடுக்கு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வைத்தியரை இருக்கச் சொல்லிவிட்டுப் படியேறிக் கதவைத் தட்டினேன். திறந்தவர் முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். நெற்றியில் அதே வரிகள். பியெலுக்கு ஆங்கிலம் நன்றாகவே வந்தது. உள்ளே ஒரே ஒரு கதிரை, அதை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். யன்னலோரம் ஒரு கேத்தல், ஒரு தகரக் கோப்பை, ஒரு தட்டு. அறைக்குள் கேத்தல் வைக்க அந்த வீட்டில் அனுமதியில்லை. நான் கண்டதை அவர் கண்டார், ஆனாலும் மறைக்கவில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றி எனக்குத் தந்தார்.

“கீழ இருக்கிறவரோட உங்களுக்குப் பேச்சு இல்லையோ?” என்று கேட்டேன்.

“அவரும் நானும் ஒரு பாத்திரத்தில சாப்பிடுறேல்லை, குடிக்கிறேல்லை” என்றார்.

கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. எங்கள் பேச்சில் இதற்கு நல்ல சொல் இருக்கிறதே: அன்னந்தண்ணி புழங்குவதில்லை. எல்லை வேலிச் சண்டையில் என் தகப்பனும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியும் அப்படித்தான் இருந்தார்கள். அந்த வீட்டுப் பச்சைத் தண்ணியும் என் வாயில் படாது என்பார் அப்பா. பிறகு ஒரு கலியாண வீட்டில் யாரோ அப்பாவிடமிருந்து அந்தத் தம்பிக்கு ஒரு தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுக்க, அவர் வாங்கிக் குடிக்க, பிரச்சினை முடிந்தது. ஆக இது ரோசம். இரண்டு பேருக்கும் வீம்பு. ஒரு கோப்பைத் தேநீரால் தீரக்கூடிய விசயத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தேன். “இதை அவருக்குக் கொண்டுபோய்க் குடுக்கட்டே? நீங்கள் தந்தது எண்டு சொல்லுறன்.”

பியெல் ஒரே எட்டில் வந்து கோப்பையைப் பறித்துவிட்டார். சுடு தேநீர் அவருடைய கையில் ஊற்றுப்பட்டது. அவர் கையை உதறவும் இல்லை.

“வேண்டாம். அவர் செத்துப்போவார்.”

நான் திகைத்துப்போனேன். “இதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கண்ணுக்கு முன்னாலேயே மிச்சத் தேநீர் முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

“தேத்தண்ணியில ஒண்டும் இல்லை. எங்களுக்கு நடுவில எலும்பு கிடக்குது.”

பிறகுதான் சொன்னார். பியெலின் சித்தப்பாவின் மகன், ஊரில் நடந்த ஒரு சண்டையில் கட்லுவாக்கின் அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அவர்களிடம் ஒரு கொலை விழுந்தால், கொன்றவனின் ஆட்களும் செத்தவரின் ஆட்களும் ஒரே பாத்திரத்தில் உண்ணக்கூடாது, குடிக்கக்கூடாது. மூன்றாம் மனிதர் வீட்டிலும் கூடாது, தெரியாமல் செய்தாலும் தப்ப முடியாது. அந்த எலும்பு யாரோ ஒருவரைக் கொண்டுபோகும். அது இவராகவும் இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். ஊரென்றால் சிறுத்தைத் தோல் போர்த்த ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போய்வருவார். அவர் சொற்படி மாடுகள் கைமாறும், அதற்குரிய சடங்கும் நடக்கும். பிளேஸ்டோவில் அப்படி ஒருவர் இல்லை, மாடும் இல்லை.

“நான் வந்த அண்டைக்குக் குசினி வாசலில அவரைக் கண்டன். நெத்தியைப் பாத்து எங்கட ஆள் எண்டு சந்தோசமாப் போனன். பேரைச் சொன்னன். தகப்பன்ர பேரைக் கேட்டார், பாட்டன்ர பேரைக் கேட்டார். நானும் கேட்டன். அதோட ரெண்டு பேருக்கும் விளங்கீட்டுது.”

“அதுக்குப் பிறகு நீங்கள் குசினிக்குள்ள போகேல்லை.”

“ஓம். ஆனால் அதுக்கு முன்னம் ஒரு கிளாசில தண்ணி குடிச்சிட்டன். அவர் உள்ள வரேக்க கிளாசைக் கழுவி மற்றதுகளோட வச்சிட்டன். எது எண்டு அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிக் கிளாஸ்தானே.”

தேவாலயத்திலும் இதுவேதான். பியெல் அங்கே சாப்பிடத் தொடங்கியதும் கட்லுவாக் போவதை நிறுத்திவிட்டார்.

“இதை ஏன் ஒருதரிட்டையும் சொல்லேல்லை?”

“நான் சொல்லியிருக்க வேணும். பயம். என்ர அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. கொலை, பழி எண்டு வாயால சொன்னால் என்னைத்தான் பிடிப்பினம்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அவர் ஏன் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியாது” என்றார்.

நான் கீழே வந்து தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பியெல் தானே எனக்கு எல்லாவற்றையும் சொன்னதாகக் கட்லுவாக்கிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, பொலிஸைக் கூப்பிட்டுவிட்டீர்களா என்பது. இல்லை, கூப்பிடப்போவதும் இல்லை என்று சொன்ன பிறகுதான் முதுகு தளர்ந்து கதிரையில் சாய்ந்தார்.

“சுட்டது அந்தப் பொடியன் இல்லை. அவன்ர வழக்கு முடியட்டும் எண்டு இருந்தன். முடிஞ்சால் வேற வீடு குடுப்பினம், போயிடுவான்” என்றார்.

அதற்குள் நீங்கள் செத்துப்போயிருப்பீர்களே என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வைத்தியர்தான் மெதுவாகக் கேட்டார், அவர்களை மன்னித்துவிட்டீர்களா என்று.

“இல்லை.” மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை, தலையசைப்பிலேயே தெரிந்தது. “மாடு வரேல்லை. அண்ணை கலியாணம் முடிக்காமல் செத்தவர். அந்த மாடுகளைக் குடுத்து அவற்ற பேரில ஒரு பொம்பிளையை எடுக்கவேணும். அவளுக்குப் பிறக்கிற பிள்ளை அண்ணையின்ர பிள்ளை. அது நடக்காட்டில் என்ர அண்ணைக்குப் பேர் சொல்ல ஒருதரும் இல்லை. நான் எப்பிடி மன்னிக்கிறது?”

பேர் சொல்ல ஒரு பிள்ளை. அதற்கு விளக்கம் வேண்டாம். வைத்தியரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொலைபேசியில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரும்பவும் நடைபாதை. வைத்தியர் பேனாவை எடுக்கவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அது அவர் கடமை.

“அக்கா, மேல இருக்கறவரும் நம்புறார்ங்கறதால இது நோய் இல்லன்னு ஆயிடுமா? ஒரே பிரமை ரெண்டு பேருக்கு வரும். அதுக்கும் எங்க புத்தகத்துல பேர் இருக்கு.”

“ஒண்டா இருந்து, கதைச்சுப் பழகிற ஆக்களுக்கு வரும். ஒருதரோட ஒருதர் கதைக்காத ரெண்டு பேருக்குமோ தம்பி?”

யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்ல, அப்படி வராது. ஆமா, நீங்க சொல்றது சரி” என்றார். அவசரக்காரர்தான், ஆனால் பிழை என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே திருத்திக்கொள்பவர். அப்படிப்பட்டவரோடு வேலை செய்யக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினேன். ஈஸ்ட் ஹாமுக்குப் போய், நம்மவர் கடையொன்றில் ஒட்டுத்தாள் உரிக்காத எவர்சில்வர் தட்டு, கோப்பை, கரண்டி, சின்னப் பானை எல்லாம் புதிதாக வாங்கினேன். சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் பொட்டலமாகக் கட்டுவித்தேன். தட்டில் ஒட்டியிருந்த தாளைக் கட்லுவாக் தன் நகத்தால் உரித்தார். உரித்துவிட்டு, எங்களுக்கு முன்னால் உண்பதற்குக் கூச்சப்பட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் புறப்படும்போது பியெல் படிக்கட்டின் மேலே நின்றார்.

“சாப்பிட்டாரோ?”

“ஓம்” என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்னந்தண்ணி புழங்குவதில்லை என்று என் மனதில் வந்த அந்தச் சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால், இரண்டு பேருக்கு நடுவில் ஏதோ இருக்கிறது என்பது எனக்கு அவ்வளவு விரைவில் பிடிபட்டிருக்காது. ஆனால் அதே சொல்தான் அந்தக் கோப்பையை என் கையில் தூக்கவும் வைத்தது. எங்களுக்கு அது ரோசம், அவர்களுக்கு உயிர். வேறொரு மக்களின் வழக்கம் நமது போலவே இருக்கிறது என்று தோன்றும் நேரத்தில்தான் நீங்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். பியெல் கெதியாய் எழும்பினபடியால் நான் தப்பினேன்.

கட்லுவாக்குக்கு வேறு வீடு கிடைக்கச் சில வாரங்கள் எடுத்தது. மாறும் நாளன்று பொறுப்பாளர் பதறிக்கொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். கட்லுவாக் இந்த வீட்டுச் சாமான்களைக் களவெடுக்கிறார், குசினியிலுள்ள கிளாஸ், சட்டி, கரண்டி எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டார், கேட்டால் பதில் இல்லை, பொலிஸுக்குச் சொல்லட்டுமா என்றார்.

நான் ஓடிப்போனேன். கட்லுவாக் வாசலில் பையோடு நின்றார். உள்ளே கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அந்த மொழிபெயர்ப்புப் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இந்த வருசங்களெல்லாம் தான் பாவிச்ச பாத்திரங்களாம். தான் போனாப் பிறகு அந்தப் பொடியன் குசினிக்குள்ள வருவானாம். தெரியாமல் ஒண்டில தண்ணி குடிச்சிடுவானாம்.”

நான் பொறுப்பாளரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். கட்லுவாக் தெருமுனையிலிருந்த பெரிய குப்பைத் தொட்டிவரை பையைச் சுமந்துபோய், உள்ளே இறக்கி, மூடியை அழுத்தி மூடினார். பிறகு தன் எவர்சில்வர் தட்டையும் பானையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நின்ற வான் வண்டியில் ஏறினார். மேல் யன்னலில் பியெல் நின்றுகொண்டிருந்தார். கட்லுவாக் அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.